திரும்பும் வழி

2011இல் நான் வாங்கிய முதல் ஆண்ட்ராய்டு போனில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. தங்கை தமிழில் தட்டி அனுப்பும் குறுஞ்செய்தி, எழுத்துக்குப் பதில் வரிசையாகச் சதுரங்களாக வந்து நிற்கும். செய்தி நீளமா குட்டையா என்று மட்டும் சொல்லலாம். செய்தித்தாள் படிக்க ஒரு மாற்றுவழி இருந்தது. ஆப்பெரா மினி உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாக்கித் தரும்படி மாற்றிவிட்டால், அவர்களுடைய சர்வரிலேயே தமிழ் படமாகி வந்து சேரும். அந்நாளில் ஆண்ட்ராய்டில் தமிழ் படித்த பலருக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். ஆனால் அது உலாவிக்குள் மட்டும்தான். குறுஞ்செய்தியும் பெயர்ப் பட்டியலும் கட்டமாகவே இருந்தன.

குறை ஒரே ஒரு கோப்பில் இருந்தது. சிஸ்டம் பகுதியில் எழுத்துருக்கள் இருக்கும் அடைவில் ‘டிராய்டு சான்ஸ் ஃபால்பேக்’ என்று ஒரு கோப்பு. அதை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துகள் உள்ள ஒன்றை அதே பெயரில் வைத்தால் போதும். வைக்க விடாது. சிஸ்டம் பகுதியைப் படிக்கலாம், எழுதக் கூடாது. எழுத வேண்டுமானால் ரூட் ஆக வேண்டும், அதாவது லினக்ஸில் எல்லா அனுமதியும் உள்ள அந்த ஒரு பயனராக. காசு கொடுத்து வாங்கிய போனில் என் மொழியின் எழுத்தை வைக்க எனக்கு அனுமதி இல்லை என்பது அன்று உறைத்தது. ‘ழ’ தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நான் ரூட் செய்யக் கற்றேன்.

ஒரு ராத்திரி முழுக்க ஆனது. கோப்பை மாற்றி, அனுமதி எண்ணை 644 என்று சரிசெய்து, அணைத்து ஏற்றியபோது சதுரங்கள் போய் எழுத்து வந்திருந்தது. எழுத்துகளைக் கோக்கும் வேலையை அன்றைய ஆண்ட்ராய்டு அறியாது. அதனால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. ‘கொ’வும் ‘கோ’வும் கலைந்து கிடந்தன. இருந்தாலும் படிக்க முடிந்தது. தங்கையின் பழைய செய்திகளையெல்லாம் ஒன்றுவிடாமல் திறந்து படித்தேன்.

அன்றைக்கு எனக்குக் கதவைத் திறந்துவிட்டது 2010இல் செபாஸ்டியன் கிராமர் எழுதிய ஒரு சிறு நிரல். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் பிடித்தது. புரிந்தபின் அதைப் போல அழகான ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. போனில், கணினியோடு பேசுவதற்கென்று ஒரு செயல் எப்போதும் ஓடும். அது எழும்போது ரூட்டாகவே எழும். எழுந்த கையோடு அந்த அதிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டுச் சாதாரணப் பயனராக மாறிக்கொள்ளும். ஒரு பயனர் பெயரில் இத்தனை செயல்கள்தான் ஒரே நேரத்தில் ஓடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. கிராமரின் நிரல் அந்தச் சாதாரணப் பயனரின் பெயரில் வரம்பு முட்டும்வரை வெற்றுச் செயல்களைப் பெருக்கும். பிறகு அந்தப் பேச்சுச் செயலைக் கொல்லும். அது மறுபடி ரூட்டாக எழுந்து, வழக்கம்போலச் சாதாரணமாக மாறப் பார்க்கும். அங்கே இடமில்லை, மாற்றம் தோற்றுவிடும். தோற்றதா பலித்ததா என்று அந்தச் செயல் திரும்பிப் பார்ப்பதில்லை. மாறிவிட்டதாக எண்ணி அடுத்த வேலைக்குப் போகும், ரூட் அதிகாரத்தோடேயே.

செய்த காரியம் பலித்ததா என்று பார்க்காமல் அடுத்ததற்குப் போனதுதான் ஓட்டை. இந்த ஒரு வரியை நான் அன்றே என் கைக்கும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்துக்கொள்ள இன்னும் மூன்று வருடம் ஆனது. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, என் தெருவில் இருந்த ஒரு தையற்காரர் கொடுத்தார்.

எனக்குத் திருச்சி உறையூரில் சிறிய சர்வீஸ் கடை. டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, தண்ணீரில் விழுந்த போனைக் கழுவி உலர்த்துவது, இவைதான் சோறு போடுகின்றன. பூட்டு திறக்கிற வேலை எட்டு மணிக்குக் கடையைப் பாதி இறக்கிய பிறகு நடக்கும். 2014இல் அந்தத் தையல் அக்கா தன் போனைக் கொண்டுவந்தார். “எதப் போட்டாலும் இடம் இல்லேங்குது தம்பி, நான் ஒண்ணுமே வெக்கலயே” என்றார். அவர் சொன்னது உண்மை. நான்கு ஜிபி உள்நினைவு உள்ள போன். அதில் பெரும்பகுதியை, அவர் ஒருநாளும் திறக்காத, நீக்கவும் முடியாத செயலிகள் தின்றிருந்தன. விளையாட்டு, பங்குச்சந்தை, ஏதோ ஒரு கடை. எல்லாம் தயாரித்தவர்கள் போட்டு அனுப்பியவை. நான், போனை எழுப்பி சிஸ்டத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்து, சயனோஜென்மாட் போட்டுத் தருகிறேன் என்றேன். தயாரித்தவர்களின் மென்பொருளுக்குப் பதிலாகப் போடும், ஸ்டீவ் கோண்டிக் 2009இல் தொடங்கிய அந்தக் கஸ்டம் ரோம் அப்போது உச்சத்தில் இருந்தது. சுத்தமாக, இலேசாக இருக்கும்.

பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள எல்லாம் அழியும் என்று எனக்குத் தெரியும். அதனால் கணினியில் இணைத்து, படங்கள், பாட்டுகள், வாட்ஸாப் அடைவு எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். அதன்பின் திறந்தேன். ரோம் ஏறியது. போன் புதிதுபோல் ஓடியது. மறுநாள் காலை அக்கா வாங்கிக்கொண்டு போய், அரைமணியில் திரும்பி வந்தார். அவருடைய வாடிக்கைக்காரர்களின் அளவுகளெல்லாம் ஒரு குறிப்புச் செயலியில் இருந்தன. தோள், மார்பு, கை நீளம், கழுத்து ஆழம், யாருக்கு எந்தப் பக்கம் ஒரு விரல் கூட்ட வேண்டும் என்பது வரை. கணினியில் இணைத்தால் தெரிகிற இடம் வேறு, செயலிகள் தம் தரவை வைத்துக்கொள்ளும் இடம் வேறு. இரண்டாவதை ரூட் இல்லாமல் எட்ட முடியாது. நான் எடுத்த நகலில் அவருடைய குறிப்புகள் இல்லை. நகல் எடுத்தேன், நகலில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. அறுபதுக்கும் மேற்பட்டவர்களிடம் திரும்ப அளவு வாங்க வேண்டியிருந்தது. சிலர் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காத வீடுகளுக்கு அவர் டேப்போடு ஏறி இறங்கினார். நான் ராத்திரிகளில் அவர் திண்ணையில் உட்கார்ந்து, அவர் ஜாக்கெட்டை விரித்து அளந்து சொல்லச் சொல்ல ஒரு நீள நோட்டில் எழுதினேன். அந்த நோட்டின் கார்பன் பிரதி இன்னும் என் கடை மேசை இழுப்பில் இருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பூட்டு ஏன் அப்படி அழிக்கிறது என்று நிதானமாக யோசித்தேன். போன் உயிர்பெறும் வரிசை ஒரு சங்கிலி. சில்லிலேயே பதிந்துவிட்ட முதல் நிரல் பூட்லோடரின் கையொப்பத்தைச் சோதிக்கும். பூட்லோடர் அடுத்து கெர்னலைச் சோதிக்கும், அப்படியே சிஸ்டம் வரை போகும். பூட்லோடரைத் திறப்பது என்பது இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியிடம் ‘இனி கையொப்பம் பார்க்காதே’ என்று சொல்வது. போனைத் திருடியவனும் அதையே சொல்லலாம். சொல்லிவிட்டுத் தன் நிரலை ஏற்றி உள்ளே இருப்பதை வாசிக்கலாம். அதைத் தடுக்கத்தான் திறக்கிற அந்த நொடியில் எல்லாம் துடைக்கப்படுகிறது. அக்காவின் குறிப்புகளை அழித்த அதே விதிதான், நாளைக்கு அந்தப் போன் பஸ்ஸில் தொலைந்தால் அவருடைய படங்களைக் காப்பாற்றும். அதுவரை எல்லாப் பூட்டும் எனக்கு எதிரி. அதன்பின், இந்தப் பூட்டு யாரை உள்ளே வைத்திருக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

இப்போது என் மேசையில் வேலையின் பெரும்பகுதி, திறப்பதற்கு முன்னால்தான். முதலில் போனின் சரியான மாடல். அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரை நம்பக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு நாட்டில் இரண்டு சில்லு வைத்து விற்கிறார்கள். பூட்லோடரிடமே கேட்க வேண்டும். அது சொல்லும் குறிப்பெயர்தான் உண்மை. இந்தியாவில் முதலில் வெளிவந்த போக்கோ எஃப்1க்குப் பெரில்லியம் என்று பெயர். ரெட்மி நோட் 4க்கு மிடோ. எங்களுக்குள் பேசும்போது கடைப்பெயரே வராது, “மிடோ ஒண்ணு வந்திருக்கு” என்போம். அடுத்து, தயாரித்தவர்களின் மூல மென்பொருள், அதே பதிப்பு, முழுதாக இறக்கி, அதன் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப்பார்த்து வைத்துக்கொள்வேன். எல்லாம் கெட்டாலும் பழையபடி ஆக்கிக் கொடுக்க அதுதான் வேண்டும். திறந்த பிறகு, ரோம் ஏற்றுவதற்கு முன், இஎஃப்எஸ் பகுதியை நகலெடுப்பேன். சிக்னலுக்கு வேண்டியவையும் ஐஎம்இஐ எண்ணும் இருக்கிற இடம் அது. உலகத்தில் அந்த ஒரு போனுக்கு மட்டும் உரியது. இன்னொரு போனிலிருந்து எடுத்துப் போட முடியாது, போடவும் கூடாது. பாட்டரி அறுபது விழுக்காட்டுக்கு மேல். கேபிள், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த குட்டையான தடித்த ஒன்று, வேறு எதற்கும் அதைத் தொடமாட்டேன். பாதியில் கேபிள் ஆடினால் போன் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பூட்டைத் திறப்பதற்கு முன்பே, போனில் உள்ளவற்றுக்கு எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பேன். போனுக்குரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இதுல இல்லாதது எது, யோசிச்சுச் சொல்லுங்க” என்பேன். பெரும்பாலும் ஒன்று வரும். அப்பாவின் மருந்துச் சீட்டு, பால் கணக்கு, கோவில் நன்கொடைப் பட்டியல் என்று ஏதாவது, நான் நினைத்தே பார்த்திராத ஒரு செயலிக்குள் இருக்கும்.

2018இல் இன்னொரு பாடம். ஒரு நண்பரின் போனில் புது பதிப்பு வந்தபின் சூடாகிறது, பழையதையே போட்டுக் கொடு என்றார். பூட்லோடர் ஏற்கெனவே திறந்திருந்தது. மூல மென்பொருள், சரியான மாடல், சரிபார்ப்பு எண் எல்லாம் ஒத்துப்போயின. ஏற்றி முடித்து மறுதொடக்கம் கொடுத்தேன். திரை எழவே இல்லை. எந்தப் பொத்தானுக்கும் அசைவில்லை. கணினியில் மட்டும் குவால்காம் 9008 என்ற பெயரில் ஒரு இணைப்பு தெரிந்தது. உள்ளே ஆழத்தில் உயிர் இருக்கிறது, ஆனால் தயாரித்தவர்களின் அனுமதி பெற்ற கணக்கு இல்லாமல் அதோடு பேச முடியாது. புது பதிப்பு ஏறும்போது போனுக்குள் ஒரு எண்ணைக் கூட்டிவிட்டிருக்கிறது. அதைவிடக் குறைந்த எண்ணுள்ள பதிப்பை ஏற்றினால் போன் எழாது. அந்த எண்ணை, பூட்லோடரோடு கணினி பேசும் ஃபாஸ்ட்பூட் நிலையில், ஒரே கட்டளையில் கேட்டிருக்கலாம். இரண்டு நொடி வேலை. நண்பருக்கு வேறு போன் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கட்டளை இப்போது என் பட்டியலில் மாடல் பெயருக்கு அடுத்த வரி. இந்தக் காவலும் காரணமில்லாமல் வந்ததல்ல: பழைய பதிப்பின் ஓட்டைகள் ஊருக்கே தெரிந்தவை, திருடன் அதைத் திரும்பப் போட்டு உள்ளே நுழையலாம். ஆனால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை எச்சரிக்காமல் போனைக் கல்லாக்கும் காவலை நான் ஏற்கவில்லை. அந்நாளைய பிக்சல்களில் பூட்டிய நிலையில்தான் இந்தச் சோதனை போனை எழவிடாமல் நிறுத்தியது, திறந்துவிட்டால் ஒதுங்கிக்கொண்டது. அப்படியும் செய்ய முடிந்ததே.

ஐபோன் பக்கம் என் கை அதிகம் போனதில்லை. அங்கே பூட்லோடரைத் திறந்து தரும் கதவே கிடையாது, ஓட்டைதான் வழி. ஆனாலும் 2019 செப்டம்பரில் செக்மேட் என்ற நிரல் வெளிவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரைக்கும், சில்லிலேயே பதிந்த முதல் நிரலில் ஓட்டை. சில்லில் பதிந்ததை எந்தப் புதுப்பிப்பாலும் அடைக்க முடியாது. அணைத்து ஏற்றினால் மறுபடி கணினியோடு இணைத்துத் திறக்க வேண்டும் என்பது அதன் குறை. இப்படி ஐபோனைத் திறக்கும் ஜெய்ல்பிரேக் சட்டமீறலா என்ற கேள்விக்கு விடையாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2010 ஜூலையிலேயே பதிப்புரிமைச் சட்டத்தில் விதிவிலக்கு அளித்திருந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறப்பதற்கு முன்பே, ஜெய் ஃப்ரீமனின் சிடியா வழியாக மக்கள் செயலிகளை நிறுவிக்கொண்டிருந்தார்கள். பூட்டைத் திறந்தவர்கள் முன்னால் போக, தயாரித்தவர்கள் பின்னால் வந்த கதைகள் இந்தத் துறையில் நிறைய.

திறக்கத் தெரிந்த கைக்குத் தேவையில்லாத வேலைகளும் வரும். “லாக் மட்டும் எடுத்துக் குடுங்க பிரதர், பாஸ்வேர்டு மறந்துட்டேன்” என்று ஒருவர் வருவார். எந்த மெயில் ஐடி என்று கேட்டால் தெரியாது. பில் கேட்டால் இல்லை. நான் தொடமாட்டேன். ஐஎம்இஐ எண்ணை மாற்றச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. இந்தியாவில் அதற்குச் சிறை. சட்டத்தைவிட எனக்கு இன்னொரு காரணம் பெரிது. தொலைந்த போனைத் தேடுகிறவருக்கு அந்த எண் ஒன்றுதான் மிச்சம். ஒருமுறை ஒருவர் தன் மனைவியின் போனைக் கொண்டுவந்து, அழியாமல் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னார். அந்தம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். பிறகு அவர் திரும்பி வரவில்லை.

இப்போது இந்த வேலை சுருங்கி வருகிறது. ஹுவாவே 2018இல் பூட்லோடர் திறக்கும் குறியெண் தருவதை நிறுத்தியது. ஷாவ்மியில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வேறு. வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் போனின் நேர்மையைச் சோதிக்கின்றன. சங்கிலி அறுந்தது தெரிந்தால் அவற்றில் பல திறக்க மறுக்கும். காய்கறி வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்கும் ஊரில், பணம் அனுப்ப முடியாத போனை யாருக்கு நான் கொடுக்க முடியும்? ஜான் வூ 2016இல் கொண்டுவந்த மேஜிஸ்க் சிஸ்டம் பகுதியைத் தொடாமல் பூட் பகுதியில் மட்டும் மாற்றம் செய்து ரூட் தந்தது. அதனால் அதை மறைக்கவும் முடிந்தது. இன்றைக்குச் சோதனை வன்பொருள்வரை இறங்கிவிட்டதால் அந்த மறைப்பு என்றைக்கு உடையும் என்று சொல்ல முடியாது. பிழைப்புக்குப் போனை நம்பியிருப்பவர் மேல் அந்த ஐயத்தை ஏற்றுவது தவறு என்று நினைக்கிறேன்.

தையல் அக்கா போன வருடம் வேறொரு போனோடு வந்தார். இதிலும் வேண்டாத செயலிகள், ராத்திரி பகலாக விளம்பர அறிவிப்பு. நான் பூட்லோடரைத் தொடவில்லை. கணினியில் இணைத்து, அவருடைய பயனர் கணக்கிலிருந்து மட்டும் அந்தச் செயலிகளை ஒவ்வொன்றாகக் கட்டளை கொடுத்து நீக்கினேன். ரூட் வேண்டாம், எதுவும் அழியாது, யூபிஐ ஓடும். மூலக் கோப்பு சிஸ்டத்தில் இருந்தபடியே இருக்கும், வேண்டுமானால் ஒரே வரியில் திரும்பக் கொண்டுவரலாம். இருபத்து மூன்று செயலிகள், நாற்பது நிமிடம். ஒவ்வொன்றை நீக்கியதும் அவர் ஒரு பணம் அனுப்பல், ஒரு அழைப்பு, ஒரு படம் சரிபார்த்தார். பதினொன்றாவதில் அலாரம் வேலை செய்யவில்லை. திரும்பக் கொண்டுவந்தோம். பத்து வருடம் முன்னால் இப்படி ஒரு வழி என் கையில் இருந்திருந்தால், அந்தத் தீபாவளி வேறு மாதிரி இருந்திருக்கும்.

முழுத் திறப்பை நான் இப்போது ஒதுக்கிவைத்திருப்பது, தயாரித்தவர்கள் கைவிட்டுவிட்ட போன்களுக்கு. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது இப்படிப் பல போன்களைத் தூசி தட்டி எடுத்தோம். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், அப்பாவிடம் ஒரு போன். பீரோவில் கிடந்த பழையதில் லினியேஜ் ஓஎஸ் ஏற்றினால் பாடம் பார்க்க அது போதும். சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் நின்றபோது, அதன் மூலநிரலை எடுத்து அதே மாதம் தொடங்கப்பட்டதுதான் லினியேஜ். இன்னொரு வகை வேலையும் எனக்குப் பிடிக்கும். பிக்சல் போன்களில் பூட்டைத் திறந்து, வேறு மென்பொருளை ஏற்றி, அதன் சாவியைப் பூட்லோடருக்குள் பதித்து, மறுபடி பூட்டிவிடலாம். கிராஃபீன் ஓஎஸ் இப்படித்தான் அமைகிறது. திறந்தே இருக்கும் போன் ஏறும்போது ஆரஞ்சு எச்சரிக்கை காட்டும். இது மஞ்சள் காட்டும். சங்கிலி முழுதாக இருக்கிறது, கையொப்பம் மட்டும் உரிமையாளர் தேர்ந்தது. முதல்முறை அந்த மஞ்சளைப் பார்த்தபோது வெகுநேரம் அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்லூரி மாணவி வருகிறார். பொறியியல் இரண்டாம் ஆண்டு. அவருடைய மாமா கொடுத்த பிக்சல் 3ஏ, 2019இல் வந்தது, 2022க்குப் பிறகு புதுப்பிப்பு இல்லை. மூன்று வாரமாகப் படித்து, தானே பட்டியல் எழுதி, போன ஞாயிறு கொண்டுவந்தார். குறிப்பெயர் சார்கோ, எழுதியிருந்தார். மூல மென்பொருள் இறக்கியாயிற்று, சரிபார்ப்பு எண்ணைக் கையாலேயே நோட்டில் எழுதி ஒத்துப்பார்த்திருந்தார். நகலை இன்னொரு கணினியில் திறந்து காட்டினார்.

“இதுல இல்லாதது எது?” என்றேன்.

யோசித்தார். “குரல் பதிவு செயலிண்ணா. அதுல தாத்தா விதைக் கணக்கு சொன்னதப் பதிஞ்சு வெச்சிருக்கேன்.”

அதை வெளியே எடுத்தோம். ஓட்டிக் கேட்டோம். எந்த ரகம் எத்தனை நாள் பயிர் என்று ஒரு பெரியவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வரை கேட்டுவிட்டு, போனின் அமைப்புகளுக்குப் போய், பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி, திறக்க அனுமதிக்கும் பொத்தானை இயக்கி, ஃபாஸ்ட்பூட்டுக்குள் கொண்டுபோனார். கட்டளையைத் தட்டினார். போனின் திரையில் கேள்வி வந்தது. ஒலிப் பொத்தானால் திறக்கும் விருப்பத்துக்கு நகர்ந்து, பவர் பொத்தானின் மேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் கேபிள் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.